மூன்றாவது டேங்கின் ருசி

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்தெட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குரு எதற்காகச் சீடரை 'சார்' என்று கூப்பிடுகிறாள் என்று நடுவில் குழம்புவீர்கள்.

குருவின் பெயர் ஜெசிந்தா. புதுச்சேரிக்கு வெளியே ஒரு பீர் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. எந்த டேங்க் பாட்டிலுக்குப் போகும், எது சாக்கடைக்குப் போகும் என்று அந்த அறையில்தான் முடிவாகும்.

சீடர் தணிகாசலம். குன்னூரில் முப்பத்து நான்கு வருஷம் தேயிலை ருசி பார்த்தவர். ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை. அவர் உதட்டைச் சுளித்தால் போதும், ஒரு எஸ்டேட்டே அன்று சாப்பிடாது. வயதாகிவிட்டது என்று மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். இரண்டு வருஷம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை.

"நாக்கு துருப்பிடிக்குது மேடம். ஏதாவது வேலை குடுங்க," என்று ஜெசிந்தாவிடம் வந்து நின்றார்.

"ஆறு மாசம் பழகுங்க சார். அப்புறம் பாப்போம்," என்றாள் அவள்.

ஆறு மாதத்தில் தேறினால் ருசி பார்க்கும் குழுவில் நிரந்தர இடம். தேறாவிட்டால் திரும்பவும் அந்த நாற்காலி.

அப்போது அங்கே புதிதாக ஒன்று காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆல்கஹால் இல்லாத பிளாண்ட் பீர். பொன்னிறமாக இருப்பதால் அந்தப் பெயர். பார்லி உண்டு, கசப்புக்கு ஹாப் பூ உண்டு, ஈஸ்ட் உண்டு, நுரை உண்டு. போதை மட்டும் கிடையாது. அதைக் காய்ச்சியவர் ஏழுமலை. அதிகம் பேசாத மனுஷன். பதினாறு வருஷமாக அதே தொழிற்சாலையில் காய்ச்சுகிறார்.

முதல் நாள் தணிகாசலத்தின் முன்னால் ஒரு கிளாஸ் பிளாண்ட் வைத்தாள் ஜெசிந்தா. அவர் ஒரு வாய் எடுத்து 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் பைப் வெடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். தேயிலைக்காரர்கள் அப்படித்தான் உறிஞ்சுவார்கள். பிறகு வாயில் இங்கும் அங்கும் உருட்டி, பக்கத்திலிருந்த தொட்டியில் துப்பினார்.

"முழுங்குங்க சார்," என்றாள் ஜெசிந்தா.

"முழுங்கறதா?"

"தேயிலைக்குத் துப்பலாம். பீரை முழுங்கணும். தொண்டைக்குள்ள போனப்புறம்தான் இதோட பாதி ருசி வரும்."

தணிகாசலம் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டுவிட்டதுபோன்ற சிரிப்பு.

"மேடம், முழுங்கறவன் விருந்தாளி. துப்பறவன்தான் நடுவர். முப்பத்து நாலு வருஷத்துல வேலை நேரத்துல ஒரு சொட்டு என் தொண்டைக்குள்ள போனதில்ல. முழுங்கினா வயிறு பேச ஆரம்பிச்சிடும். அப்புறம் நாக்கு பேசாது."

"சரி சார்," என்றாள் ஜெசிந்தா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைச் சொல்லவே இல்லை. நானாக இருந்தால் தினம் ஒரு தடவை சொல்லித் தீர்த்திருப்பேன். அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி.

ஆனால் ஒன்று, மனுஷனுக்கு அசாத்திய நாக்கு. பயிற்சிக்காகக் கெட்ட வாசனைகளைக் கலந்து கலந்து வைப்பார்கள். ஒன்றில் வெண்ணெய், ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி, ஒன்றில் வெந்த முட்டைக்கோஸ். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. குழுவில் இருந்த மற்ற இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். ஜெசிந்தா மட்டும், "நல்லது சார்," என்று அடுத்த கிளாஸை நகர்த்துவாள்.

ஏழுமலையின் முதல் டேங்க் பிளாண்டில் வெண்ணெய் வாசனை வந்தது. ஜெசிந்தா வேண்டாம் என்று எழுதினாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஜெசிந்தா கொண்டுவந்த வழக்கம். வேண்டாம் என்று யார் எழுதுகிறாரோ அவரே டேங்க் கூடத்துக்குப் போக வேண்டும். அவரே ஹோஸை இழுத்து மாட்ட வேண்டும். அவரே வால்வைத் திறக்க வேண்டும். கடைசிச் சொட்டு சாக்கடைக்குப் போகும்வரை நகரக்கூடாது. ஆள் வைத்துச் செய்யச் சொல்வது கிடையாது.

ஜெசிந்தா போனாள். முக்கால் மணி நேரம் நின்றாள். பக்கத்தில் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவள் கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது.

"எதுக்கு மேடம் இந்தத் தண்டனை?" என்று கேட்டார் தணிகாசலம். "தேயிலையில நாங்க பேப்பர்ல ஒரு கோடு கிழிப்போம். அதோட சரி."

"கோடு கிழிச்சப்புறம் அந்தத் தேயிலை என்ன ஆச்சு சார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா கால்சட்டையைப் பிழிந்துகொண்டே தலையாட்டினாள்.

இரண்டாவது டேங்கும் போயிற்று. அதில் முட்டைக்கோஸ். அதையும் அவளே திறந்துவிட்டாள்.

முதலாளி சென்னையிலிருந்து போன் செய்தார். மூன்றாவதும் இப்படிப் போனால் பிளாண்டை மறந்துவிடலாம், டேங்கைப் பழைய சரக்குக்கே கொடுத்துவிடலாம் என்றார். ஏழுமலை அதைக் கேட்டுக்கொண்டார். மறுநாளே மூன்றாவதைக் காய்ச்ச ஆரம்பித்தார்.

அது தயாரானபோது மே மாதம். சனியன், அந்த வாரம் பார்த்து குழுவில் ஒருவருக்குச் சளி பிடித்தது. ஒரே ஏசி அறை. இரண்டு நாளில் ஜெசிந்தா உட்பட மூன்று பேருக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது. மூக்கு அடைத்தால் ருசி பார்ப்பவன் செத்தவனுக்குச் சமம். பிழைத்தது தணிகாசலம் ஒருவர்தான். குன்னூர்க் குளிரிலேயே சளி பிடிக்காத உடம்பு.

"இன்னிக்கு நீங்கதான் சார்," என்றாள் ஜெசிந்தா. குரல் கட்டியிருந்தது. "உங்க தாள் ஒண்ணுதான். நீங்க எழுதறதுதான் முடிவு. உங்க ஆறு மாசக் கணக்கும் இதோட முடிஞ்சிடும்."

தணிகாசலத்துக்குச் சந்தோஷமும் இருந்தது. பயமும் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மேடம், ஒரு கேள்வி. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்க."

"பீர்ல இருந்து போதையை எடுத்துட்டா மிச்சம் என்ன? முக்கியமானதே இல்லாத ஒண்ணை எப்படி நிறுத்துப் பாக்கறது?"

ஜெசிந்தா கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள்.

"எனக்கு இப்ப மூக்கே இல்ல சார். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றாள்.

அவர் அறைக்குள் போனார். நிறம் பார்த்தார். நுரை பார்த்தார். முகர்ந்தார். உறிஞ்சினார். துப்பினார். மூன்று கிளாஸ், மூன்று தடவை. நேர்மையாகத்தான் செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. அரை மணி நேரம் கழித்துத் தாளோடு வந்தார்.

ஜெசிந்தா படித்தாள்.

கனம் இல்லை. சூடு இல்லை. கசப்பு இல்லை. இழுப்பு இல்லை. வாயில் நிற்கவில்லை. பின்ருசி இல்லை. கீழே, வேண்டாம் என்று எழுதி நீட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"கெட்ட வாசனை ஏதாவது?"

"இல்ல மேடம்."

"அதுவும் இல்லையா!" ஜெசிந்தா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "இல்லாததெல்லாம் எழுதியாச்சு. இருக்கிறது எது சார்?"

"இல்லாததைக் கண்டுபிடிக்கத்தானே மேடம் நம்மள வெச்சிருக்காங்க?"

அவள் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சரி. கையெழுத்துப் போட்டுட்டீங்க. ஹோஸ் எங்க மாட்டியிருக்கும்னு தெரியும்ல?"

தணிகாசலம் விழித்தார். இந்த வழக்கம் தனக்கும் உண்டு என்பது அவர் மண்டையில் அப்போதுதான் ஏறியது.

டேங்க் கூடம் தகரக் கூரை போட்டது. மணி பதினொன்றரை. உள்ளே நுழைந்ததும் அடுப்பங்கரையில் தலையை நீட்டினதுபோல் இருந்தது. ஏழுமலை மூன்றாவது டேங்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தணிகாசலம் தாளை நீட்டினார். ஏழுமலை அதை மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். மடித்துத் திரும்பக் கொடுத்தார்.

"ஹோஸ் அந்த மூலையில சார்," என்றார்.

"உங்களுக்கு வருத்தம்தான். எனக்குப் புரியுது."

"எழுதினா எழுதினதுதான் சார். அதுல என்ன?" என்றார் ஏழுமலை. டேங்கின் பக்கம் திரும்பி, "பதினாறு வருஷமா இங்க காய்ச்சறேன். ஒரு நாள்கூட நான் காய்ச்சினதை என் வீட்டுக்காரி வாயில வெச்சதில்ல. வெக்கவும் மாட்டா. இதைத்தான் நேத்து ஒரு டம்ளர் கொண்டுபோய்க் குடுத்தேன். குடிச்சிட்டு, 'இதுவா நீ இத்தனை நாளா பண்ற வேலை, சொல்லவே இல்லையே'ன்னா," என்றார்.

"என்ன சொன்னாங்க, ருசி?"

"ருசின்னு ஒண்ணும் சொல்லல சார். டம்ளரைக் கவுத்து வெச்சா. காலி."

தணிகாசலம் மூலைக்குப் போனார். ஹோஸ் என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் இல்லை. தொடைப் பருமன். மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. இழுத்தார். வரவில்லை. தோளில் போட்டு இழுத்தார். ஒரு கஜம் வந்தது. ஏழுமலை உதவிக்கு வரவில்லை. வழக்கம் அப்படி. டேங்க் வரைக்கும் இழுத்துக்கொண்டு வருவதற்குள் தணிகாசலத்தின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. குனிந்து மாட்டினார். மரை சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டினார். நிமிர்ந்தபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. டேங்கில் கையை ஊன்றிக்கொண்டார்.

"தண்ணி," என்றார்.

ஏழுமலை கேனைத் தூக்கிப் பார்த்தார். காலி. கேட்டுக்குப் போய்த் தூக்கி வரவேண்டும். அதற்குள் இவர் விழுந்துவிடுவார் போலிருந்தது. ஏழுமலை யோசிக்கவில்லை. பக்கத்திலிருந்த கிளாஸை எடுத்து, டேங்கின் சின்னக் குழாயைத் திறந்து, நிரப்பி நீட்டினார்.

தணிகாசலமும் யோசிக்கவில்லை. வாங்கினார். முகரவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை, உறிஞ்சவில்லை. மடக் மடக்கென்று குடித்தார். கிளாஸ் காலியாகும்வரை மூச்சு விடவில்லை.

"ஆ..." என்றார்.

அப்படியே நின்றார். தொண்டைக்கு உள்ளேயிருந்து மெதுவாக ஒரு கசப்பு ஏறிவந்தது. வேப்பங்கொழுந்து மாதிரி அடிக்கிற கசப்பு இல்லை. நார்த்தங்காய்த் தோல் கசப்பு. அதன் பின்னாலேயே புதிதாக வெட்டிய புல் வாசனை, உள்வழியாக மூக்குக்கு வந்தது. பேக்கரியில் பன் எடுக்கும் நேரத்து வாசனை ஒன்றும் வந்தது. எல்லாம் வந்து, நெஞ்சில் ஒரு குளிர்ச்சியாக இறங்கி உட்கார்ந்தது.

"இது எந்த டேங்க்?" என்று கேட்டார்.

"இதுதான் சார். நீங்க கொட்டப்போற டேங்க்."

தணிகாசலம் டேங்கைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு குடுங்க."

இந்த முறை நிதானமாகக் குடித்தார். நுரையைப் பார்த்தார். முகர்ந்தார். ஒவ்வொரு வாயாக எடுத்து, ஒவ்வொரு வாயையும் விழுங்கினார். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கசப்பு வந்தது. புல் வந்தது. பன் வந்தது. கடைசியில் முளைகட்டிய தானியக் கஞ்சியின் வாசனை லேசாக, ரொம்ப லேசாக வந்தது. அது ஒரு குறைதான். அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஏழுமலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, என்ன சார்!"

"இருங்க. முப்பது லட்சம் கோப்பை இருக்கும் ஏழுமலை. முப்பத்து நாலு வருஷத்துல முப்பது லட்சம் கோப்பை வாயில வெச்சிருக்கேன். எத்தனை பேர் பறிச்சிருப்பாங்க, வாட்டியிருப்பாங்க. ஒண்ணைக்கூடக் குடிச்சதில்ல. ஒருத்தருக்குக்கூட நன்றின்னு சொன்னதில்ல. தோணவே இல்ல, பாருங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை வேண்டும். ஏழுமலையின் கையை விடவும் மனமில்லை.

"ரொம்ப நன்றி ஏழுமலை. ரொம்ப நல்லா காய்ச்சியிருக்கீங்க."

ஏழுமலைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பதினாறு வருஷத்தில் அந்தக் கூடத்துக்குள் வந்து அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. முகம் சிவந்துபோயிற்று.

"அதுக்கென்ன சார்... இன்னொரு கிளாஸ் ஊத்தவா?" என்றார்.

தணிகாசலம் ஹோஸைக் கழற்றினார். வந்த வழியே மூலைவரை இழுத்துக்கொண்டு போய்ச் சுருட்டி வைத்தார். இப்போது ஏழுமலை ஒரு கை கொடுத்தார்.

ஜெசிந்தா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டுத் துண்டை விலக்கினாள். தணிகாசலம் வியர்வையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். பழைய தாளை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் புதிதாக ஒரு தாள் எடுத்து எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார். எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பினார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

ஜெசிந்தா இரண்டையும் படித்தாள்.

"முழுங்கினீங்களா சார்?"

"முழுங்கினேன் மேடம்."

"கஞ்சி வாசனைன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே?"

"இருக்கு மேடம். லேசா இருக்கு. நல்லா இருக்குங்கறதுக்காக அதை மறைக்க முடியாது."

"மறைக்க வேணாம். ஏழுமலைகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவை பாத்துப்பாரு." அவள் இழுப்பறையைத் திறந்து குழுவின் பதிவேட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். "உங்க முழுப் பேரு எப்படி எழுதணும்?"

நாற்காலி வாழ்க்கை அந்த நொடியில் முடிந்துபோயிருக்க வேண்டும். பேரைச் சொன்னால் போதும். ஆனால் மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

"எழுதாதீங்க மேடம்," என்றார்.

ஜெசிந்தா பேனாவை நிறுத்தினாள்.

"ஏன் சார்?"

"நான் இதை முறையா ருசி பாக்கல. ஹோஸை இழுத்துக் களைச்சுப்போய், நா வறண்டு, கண்ணு இருட்டிட்டு வந்தப்ப குடிச்சேன். ரெண்டாவது கிளாஸும் நல்லாத்தான் இருந்துது. அதுவும் அந்த முதல் கிளாஸோட தயவா இருக்கலாம். அவ்வளவு தாகத்துல எதைக் குடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும். எனக்கு இந்த இடம் வேணும் மேடம், பொய் சொல்லல. இது இல்லன்னா நான் வீட்ல உக்காந்தே செத்துப்போவேன். ஆனா தாகத்துல குடிச்சவன் சொல்றது ஒரு தீர்ப்பா? அதை எப்படி நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறது?"

ஜெசிந்தா குனிந்து பதிவேட்டில் 'தணிகாசலம்' என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பின்ன, இதை நாம யாருக்குக் காய்ச்சறோம் சார்? தாகம் இல்லாதவங்களுக்கா?"

தணிகாசலம் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிப் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.